மழையில் நனையக்கூடாத பரிசல்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரும் குணம் கிடையாது. அன்று அது இன்னும் மோசம். ஆம்பூரில் கிளம்பி வாணியம்பாடியைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி, கூரைமேல் ஏறிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டேன். மேலே ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது. அதை ஒகேனக்கல்லில் மாமனாரிடம் சேர்த்து, கோபித்துக்கொண்டு அங்கே போய்விட்ட மனைவியை அழைத்துவர வேண்டும். அவள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

சண்டையே பரிசலால் வந்ததுதான். மாமனார் பரிசல் ஓட்டுகிறவர். பாறையில் மோதித் தோல் கிழிந்துவிட்டதாகச் சேதி வந்தபோது, "பச்சைத் தோலு ஒண்ணு அனுப்பி வைங்க" என்றாள். நான் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பதம் போடாத, நாற்றம் பிடித்த தோலையா மாமனார் வீட்டுக்கு அனுப்புவது? என் கௌரவம் என்ன ஆவது? "தோலைப் பத்தி எனக்கே சொல்றியா? கம்முனு இரு" என்றேன்.

"எல்லாம் தெரிஞ்ச மனுசனுக்குப் பொண்டாட்டி எதுக்கு?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அப்போதும் என் வீறாப்பு இறங்கவில்லை. மாதனூரில் கூடை முடைகிறவரிடம் புதுப் பரிசலுக்கு மூங்கில் கூடு கட்டச் சொன்னேன். ஆவாரம்பட்டையில் பதமான தோலில் முதல் தரமாகப் பொறுக்கி, மெல்லிசாகச் செதுக்கி, எண்ணெய் போட்டு நானே தைத்தேன். கன்னத்தில் வைத்தால் பட்டுதான். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஆம்புலன்ஸ் ஒன்றை எங்கள் முதலாளி வாங்கி வைத்திருந்தார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு எண்ணெய் அடுப்பு. கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். ஓட்ட வந்த டிரைவர் என் பால்ய தோஸ்த்.

திருப்பத்தூரில் ஜனங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு எங்களைச் சர்க்கஸ்காரர்களா என்று விசாரித்தார்கள். தோஸ்த் ஆமாம் என்று தலையாட்டி, என்னைக் காட்டி இதுதான் கரடி என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வர மாட்டேன் என்றுவிட்டால் ஷாப்பில் எந்த முகத்தோடு நடமாடுவது என்பதே எண்ணமாக இருந்தது. முகம் போகட்டும், அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை.

தர்மபுரிக்கு முன்னால் மழை பிடித்தது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, தார்ப்பாயோடு கூரைமேல் ஏறினேன்.

"ஆத்துல போற சாமான்யா அது. மழைல நனஞ்சா இன்னா?" என்று கீழேயிருந்து தோஸ்த் கத்தினான்.

"பதம் போட்ட தோலு. தூறல் பட்டாலே புள்ளி விழும். உனக்கு இன்னா தெரியும்?"

அவன் உள்ளே போய் டீக்கு அடுப்பு பற்றவைத்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை விடும்வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் தொப்பலாக நனைந்தேன், பரிசல்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். மாமனார் தோலைத் தடவிப் பார்த்து, "சோக்கா இருக்குது மாப்ளே" என்றார். பிறகு பரிசலை இரண்டு கல்மேல் நிமிர்த்தி வைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி உள்ளே ஊற்றப் போனார்.

"நனைச்சிடாதீங்க மாமா!" என்று அலறினேன்.

அலறிய பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. தோஸ்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமனார் ஊற்றிவிட்டார். பரிசலின் அடிப்பக்கம் கறுத்து, கசிந்து, சொட்ட ஆரம்பித்தது.

"பதம் போட்ட தோலு தண்ணி குடிக்கும் மாப்ளே. பரிசலுக்குப் பச்சைத் தோலுதான்" என்றார். குத்திக்காட்டாமல் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். நானே முதலில் பேசினேன்.

"எனக்குத் தோலு தெரியும், தண்ணி தெரியல. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். போன உடனே பச்சைத் தோலு அனுப்பறேன்."

கல்யாணமான நாளாய் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் இறங்கி வந்து, ஈரத்தோலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதைக் கிழிச்சு எனக்கு ஒரு ஜோடி செருப்பு தைங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"செருப்பு எதுக்கு?"

"மேஸ்திரி பொண்டாட்டி ஆம்பூருக்கு வெறுங்காலோடவா வர்றது?"