கண்ணாடியில் பார்த்தவர்

சென்ற குளிர்காலத்தில், ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது நடந்தது இது. நான் முப்பத்தொரு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே நின்றுகொண்டே காலத்தை ஓட்டியவனை, பனி கொட்டும் ஊரில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? என் தொல்லை தாங்காமல் நான்காம் நாளே மகன் ஒரு மாத பாஸை வாங்கிக் கையில் கொடுத்து, டிராமில் சுற்றிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டான்.

கண்டக்டர் இல்லாத வண்டி அது. விசில் கிடையாது. ஓட்டுநர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும். பதிவு செய்த ஒரு பெண் குரல் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். முதல் நாள் அது தெரியாமல் மூடிய கதவின் முன்னால் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன், வண்டி போய்விட்டது. உள்ளே நாற்பது பேர் இருந்தாலும் ஒரு சத்தம் இருக்காது. பயணிகளோடு மல்லுக்கட்டியே பழகிய எனக்கு அந்த அமைதி சுத்தமாகப் பிடிக்கவில்லை. மகன் வேறு எச்சரித்திருந்தான்: "அப்பா, இங்க யாரையும் உத்துப் பாக்காதீங்க. தொடவே தொடாதீங்க. நம்ம ஊரு பஸ் இல்ல இது."

அன்று மதியம் கடுமையான மூடுபனி. எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரமாக, சாம்பல் நிறக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிராம் நகரத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் இறங்கியது. அப்போது அவர் கையிலிருந்து ஒரு கையுறை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார்; கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகச் சாய்ந்து ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி பார்ப்பது இன்னும் விடாத பழக்கம். இரண்டே முக்கால்.

கையுறையை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மகன் சொன்னது நினைவுக்கு வந்தது, சும்மா இருந்துவிட்டேன். வெளியே இருட்டாக இருந்ததால் அவர் முகம் ஜன்னல் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. கண்கள் நேராக என்னையே பார்த்தன. மரியாதைக்குச் சிரித்தேன். பதிலுக்குச் சிரிக்கவில்லை. பார்வையை விலக்கவும் இல்லை. எவ்வளவு திமிர் பாருங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஒரு நோட்டம் விட்டு, தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பாமல் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. அவர் பக்கத்தில் போய்க் கையைக்கூட நீட்டிவிட்டேன். தொடவே தொடாதீங்க. கையை இழுத்துக்கொண்டு இறங்கினேன். குளிருக்கு ஒதுங்கி டிராமிலேயே தூங்குகிறவர்களை அந்த ஊரில் நிறையப் பார்த்திருந்தேன். இவரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே ஒரு சிறிய காடு உண்டு. வழக்கமாக ஒரு மணி நேரம் நடப்பேன். அன்று பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. என் பூட்ஸ் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. நின்றால் யாரோ பின்னால் நிற்பதுபோல இருந்தது. அந்தக் கண்களை மறக்க முடியவில்லை. பாதியில் திரும்பி, நிறுத்தத்து நிழற்குடையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலரைக்குள் இருட்டிவிட்டது. டிராம் வந்து நின்றதும் கண் தன்னால் வண்டி எண்ணுக்குப் போனது. மதியம் வந்த அதே வண்டி. நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கி உள்ளே ஏறினேன். அதே இருக்கையில் அதே சாம்பல் கோட்டு. கையுறை விழுந்த இடத்திலேயே கிடந்தது. கண்ணாடியில் அதே முகம், அதே பார்வை. பக்கத்தில் போய் ஊர்ப் பழக்கத்தில், "சார், சார்" என்று தோளைத் தட்டினேன். அசைவில்லை. கையைத் தொட்டேன். ஐஸ்.

பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். பின் இருக்கையில் ஒரு பெண், "ஓம், வாறன், இன்னும் பத்து நிமிசம்" என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தமிழைக் கேட்டதும் உயிர் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் இலங்கைத் தமிழர். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. பெரியவரின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உடனே கதவோரம் இருந்த அவசரப் பொத்தானை அமுக்கி ஓட்டுநரிடம் ஜெர்மனில் ஏதோ பேசினார்.

"பாரிசவாதம் அண்ணை. மூச்சு இருக்குது, பயப்பிடாதேங்கோ. கண்ணைப் பாருங்கோ, இவருக்கு எல்லாம் விளங்குது. கதைக்கத்தான் ஏலாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் என்னை முறைக்கவில்லை. கூப்பிட்டிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அதில் வந்த ஒருவர் ஏதோ கேட்க, அந்தப் பெண் என்னிடம் திரும்பினார்.

"எப்ப இருந்து இப்பிடி எண்டு கேக்கினம். மருந்து குடுக்கிறதுக்கு நேரம் தெரிய வேணுமாம்."

'இப்போதுதான் பார்த்தேன்' என்ற பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆபத்தில் கிடப்பவரைப் பார்த்தும் பார்க்காமல் போனால் இந்த நாட்டில் குற்றம் என்று அதே மகன்தான் ஒரு நாள் சொல்லியிருந்தான். நானோ விசிட்டர் விசாவில் வந்தவன். மகனுடைய வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பெரியவரைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி வழியாக இல்லாமல், இப்போது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே முக்காலுக்கும்மா" என்றேன். "கையுறை கீழ விழுந்துச்சு, எடுக்க முடியல. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தாரு. நான் பாத்துக்கிட்டே இறங்கிப் போயிட்டேன்."

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்துச் சொன்னார். வந்தவர் அந்த நேரத்தைத் தன் ரப்பர் கையுறையின் மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. நேரம் தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் சொன்னதாக அந்தப் பெண் சொன்னார். பெரியவர் பிழைப்பாரா, பிறகு எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன்.

"வெளியாக்களுக்குச் சொல்ல மாட்டினம் அண்ணை" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் தென்காசி பஸ்ஸில், ஜன்னலில் தலை சாய்த்து, கண் அரைகுறையாகத் திறந்தபடி ஒருவர் அசையாமல் இருந்தார். எழுந்துபோய்த் தோளைத் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தவர் பதறி விழித்து, "ஓய், உமக்கு வேற வேலை இல்லையா?" என்று ஊரே கேட்கும்படி கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் திட்டத் திட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹனோவரில் அந்தப் பெரியவரும் இப்படி என்னை வாய் நிறையத் திட்டியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் இன்றுவரை தீரவில்லை.