வேகாஸில் மாநாட்டுக்கு ஓட்டல் பார்த்தோம்

படித்தவர்கள் எட்டுப் பேரும் ஐந்தாவது தாண்டாத நானும் சேர்ந்து எங்கள் தமிழ்ச் சங்கத்து மாநாட்டுக்கு ஓட்டல் தேர்ந்தெடுத்தோம். தப்பான ஓட்டல். தப்பு என்று நான் அன்றைக்கே சொன்னேன். இப்போதும் அந்த எட்டுப் பேரில் ஒருவரைக் கோயிலில் பார்த்தால்கூட எனக்கு வயிறு எரிகிறது.

ஓட்டல் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க டெக்ஸாஸில் ஆள் கிடையாது. ரவுண்ட் ராக்குக்கு வடக்கே, ஃப்ரீவே ஓரத்து மோட்டலில் கக்கூஸ் கழுவத் தொடங்கியவன் நான். இன்று நான்கு மோட்டல் என் பேரில் இருக்கின்றன. ஓர் அறைக்குள் நுழைந்து மூச்சை இழுத்தால் போதும், ஏசியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று சொல்லிவிடுவேன். என்னோடு சேர்ந்து படுக்கை விரித்தும் குளியல் தொட்டி தேய்த்துமே என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போயின. ஆபரேஷனுக்குப் பிறகும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள்.

முட்டி போனதிலிருந்து அவள் மாநாட்டுக்கு வந்ததில்லை. இந்த முறை லாஸ் வேகாஸ் என்று முடிவானதும் வருகிறேன் என்றாள். கலிபோர்னியாவில் பிளசன்டனிலிருந்து அவள் தங்கச்சியும் வருவதாக ஏற்பாடு. தொடக்க விழாவில் விளக்கேற்றும்போது இரண்டு பேரும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் ஒன்று சொன்னாள்.

"என்னையத் தள்ளுவண்டில வெச்சுத் தள்ளிட்டுப் போறதா இருந்தா நான் வரலீங்க. நானே நடந்து வர்ற தொலவுல மண்டபம் இருக்கோணும்."

வீட்டில் நூறு காலடி வைத்தால் உட்கார்ந்துவிடுவாள். அந்த நூறை மனதில் வைத்துக்கொண்டுதான் குழுவோடு விமானம் ஏறினேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய ஓட்டல். முகப்பில் பெயின்ட் வெளுத்திருந்தது. ஆனால் அறைகளும் மண்டபமும் ஒரே தளத்தில். நடந்து எண்ணினேன், எண்பத்தாறு காலடி. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், மெத்தை ஓரம் சுத்தம். இதுவே போதும் என்றேன். சங்கத் தலைவர் முகத்தைச் சுளித்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி, என் மகன் வயது.

"அங்கிள், போட்டோல எப்படி வரும்னு யோசிங்க. பார்த்தா நம்மளக் கலாய்ப்பாங்க."

"ஏன் தம்பி, போட்டோக்குள்ளயா படுத்துத் தூங்கப் போறாங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஓட்டலில் நுழைந்ததுமே நீரூற்று, கண்ணாடிக் கூரை. அங்கிருந்த விற்பனைப் பெண் எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தாள். தலைவர் லேப்டாப்பில் மார்க் போட்டார். லாபிக்குப் பத்து, நீச்சல் குளத்துக்குப் பத்து, மசாஜ் அறைக்குக்கூடப் பத்து. நான் லிஃப்டிலிருந்து மண்டபம்வரை நடந்தேன். சூதாட்டக் கூடத்தின் நடுவே புகுந்துதான் போகணும், சுற்றிப் போக வழியே இல்லை. ஆயிரம் காலடி தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். கம்பளத்தில் கால் புதைகிறது, வாக்கர் எப்படி நகரும்? தெரியாமல் கட்டிய கட்டடம் இல்லை அது. சாப்பிடப் போகிறவனும் தூங்கப் போகிறவனும் மெஷின்களைத் தாண்டித்தான் போகணும் என்று வேண்டுமென்றே கட்டியது. ஓட்டல்காரனான எனக்கு அது பார்த்ததும் புரிந்தது. எட்டு டிகிரிக்காரர்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விற்பனைப் பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"ப்ராப்ளமே இல்ல அங்கிள். பின்னாடி சர்வீஸ் லிஃப்ட் இருக்காம். ஆன்ட்டிய வீல்சேர்ல உக்கார வெச்சு கிச்சன் வழியா கொண்டு வந்துடலாம். அஞ்சே நிமிஷம்."

"அந்த வழியில என்ன போகும் தெரியுமா? அழுக்குத் துணி வண்டி. பதினோரு வருஷம் உங்க ஆன்ட்டி அந்த வண்டியத் தள்ளுனவ. இப்ப அவளையே அந்த மாதிரி வழியில தள்ளிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். வோட்டுக்கு விட்டுடலாம்."

எட்டுக்கு ஒன்று. நான் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னேன். மாநாடும் வேண்டாம், சங்கமும் வேண்டாம் என்றேன். அவள் கேட்டது வேறு.

"வழியில உக்கார ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"சூதாட்ட மெஷினுக்கு முன்னால மட்டும்தான் நாற்காலி போட்டிருக்கான்."

"அப்பறம் என்னங்க. அதுலயே உக்காந்து உக்காந்து வந்தர்றேன்."

அப்படியேதான் வந்தாள். ஒரு மணி நேரம் முன்னதாகவே அறையிலிருந்து கிளம்பினோம். பட்டுச்சேலையில், மெஷினுக்கு மெஷின் உட்கார்ந்து எழுந்தாள். ஓரிடத்தில் சீருடை போட்ட ஒருவன் வந்து, விளையாடுகிறவர்களுக்குத்தான் நாற்காலி என்றான். மெஷினில் ஒரு டாலரைத் திணித்தேன். அவள் பட்டனை அமுக்கினாள்.

"பரிசு விழுந்துச்சுன்னா இந்த ஓட்டலையே வாங்கிப் போடுங்க. மண்டபத்த இங்க கொண்டாந்து வெச்சரலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபக் கதவைத் தொட்டபோது விளக்கேற்றி முடித்துவிட்டிருந்தார்கள். தங்கச்சி கைப்பையை வைத்துப் பிடித்திருந்த முன்வரிசை இடத்தையும் யாரோ விருந்தினருக்கு என்று வாங்கிக்கொண்டார்களாம். மேடையில் தலைவர் ஓட்டல் நிர்வாகத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் திரை முழுக்க அந்த நீரூற்று. ஆயிரம் பேர் கை தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசையில் அக்காளும் தங்கச்சியும் உட்கார்ந்தார்கள். மூச்சு அடங்கியதும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இது முடிஞ்சு போறதுக்கும் அதே வழிதானுங்களா?"

"ஆமா" என்றேன்.