வளையத்துக்குள் இருந்த குளோரைடு

காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே பிரிவிலிருந்து எங்கள் படிகத்தில் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் படம் வந்தது. திறந்து பார்த்ததும் தவறு தெரிந்துவிட்டது.

அப்போது நான் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேதியியல் அலுவலர். டாக்டர் மங்களாவும் நானும் நான்கு ஆண்டுகளாக ஒரு மூலக்கூறு வளையத்தை உருவாக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீரில் உள்ள நைட்ரேட்டை மட்டும் அது நடுவில் பிடிக்க வேண்டும், குளோரைடை விட்டுவிட வேண்டும். கோத்தா திங்கி செம்பனை எண்ணெய்த் தோட்டங்களிலிருந்து ஓடைக்கு வரும் உரத்தை அளக்க அது உதவும் என்று டாக்டர் நம்பினார். நைட்ரேட் சேர்த்தால் என்.எம்.ஆர். கருவியில் சிக்னல் நகர்ந்தது; வளையம் அதைப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். குளோரைடை எவ்வளவு சேர்த்தாலும் அசையவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அன்று பிற்பகல் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் அவர் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

படத்தில் வளையத்தின் நடுவே ஒரு குளோரைடு இருந்தது. வளையத்தை மூடும்போது நாங்கள் சேர்த்த உப்பிலிருந்து வந்தது. கழுவி நீக்கிவிட்டதாக நினைத்திருந்தோம். உள்ளே இடமில்லாததால்தான் இன்னொரு குளோரைடு நுழையவில்லை. நைட்ரேட் வெளியே ஒட்டிக்கொண்டு எங்களை ஏமாற்றியிருக்கிறது.

போன் செய்தேன். டாக்டர் சிங்கப்பூர் போகும் பாலத்து நெரிசலில், பஸ்ஸில் இருந்தார்.

"மேடம், வளையம் காலியா இல்ல. உள்ள குளோரைடு உக்காந்திருக்கு."

ஹார்ன் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்:

"சில்வர் நைட்ரேட் போட்டு டெஸ்ட் பண்ணீங்கதானே?"

"பண்ணேன். குளோரைடு வெளிய வந்திருந்தா வெள்ளையா கலங்கியிருக்கணும், கலங்கவே இல்ல. அவ்வளவு இறுக்கமா புடிச்சிருக்கு." பழைய அறிக்கையை எடுத்தேன். "இன்னொன்னு மேடம். போன வருஷம் அனாலிசிஸ்ல கார்பன் அளவு கொஞ்சம் ஒதச்சுச்சு. தூள் ஈரமா இருக்கும்னு நானே காரணம் எழுதிட்டேன்."

"அதுக்குக் கீழ நானும் சைன் போட்டிருக்கேன்லா. படத்த வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

கூட்டத்துக்குப் போகாமல் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் போனார். மேடையில் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டினார். மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். தவறு என்னுடையது என்று குறிப்பிடச் சொன்னேன்.

"ரெண்டு பேரு பேரும் போட்ட கட்டுரை. தப்பும் ரெண்டு பேருதுதான்" என்றார்.

எட்டு மாதம் போராடி வளையத்தைக் காலி செய்தோம். நைட்ரேட் அதில் தங்கவில்லை. திட்டத்தை மூடினோம்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் எண் ஒத்துவராவிட்டால், காரணத்தை எழுதும் முன் அதைச் சோதித்துப் பாருங்கள். அந்தத் தூளைக் காயவைத்து மறுபடி அளந்திருந்தால், காரணம் ஈரமில்லை, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கு இரண்டே நாளில் தெரிந்திருக்கும்.