அரை மணி நேரம் பொறுங்க

சேகர் அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் காலையில் குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்று மதியம் அவர் ஊர் உடையார்பாளையத்தில் எடுத்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூரில் நான் பில் போடும் டைல்ஸ் கடையில் குடோன் இன்சார்ஜ் அவர். எங்கள் கடை பிக்னிக்குக்கு சமையல் மாஸ்டரும் அவரே, போலீஸும் அவரே.

வருஷா வருஷம் ஸ்கூல் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் குடும்பத்தோடு வேன் ஏறித் திருமழபாடி போவோம். கோயிலை விட்டுத் தள்ளி, கொள்ளிடக் கரையில் மரத்தடியில் அடுப்பு மூட்டி மட்டன் குழம்பு. தன் ஊர் பச்சை முந்திரியை உரித்துக் கொண்டுவந்து அதில் போடுவார்... அந்த ருசியை எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் அண்ணன் போடும் கண்டிஷன்கள் இருக்கின்றனவே! கறி அன்று காலையில்தான் வாங்கவேண்டும், ஐஸ் பெட்டியில்தான் வரவேண்டும். கறி வெட்டிய கத்தி வெள்ளரிக்காய்ப் பக்கமே போகக் கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால், ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, மணலில் பள்ளம் இருக்கிறதா என்று குத்திக் குத்திப் பார்த்துவிட்டு வருவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரத்தில் ஒன்று செய்வார் பாருங்கள்...

குழம்பை இறக்கியதும் முதல் தட்டு தனக்குப் போட்டுக்கொள்வார். சாதம், குழம்பு, பச்சடி, எல்லாவற்றிலும் கொஞ்சம். எங்கள் எல்லோரையும் பார்க்க வைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொல்வார், "அரை மணி நேரம் பொறுங்க."

வாசனை மூக்கைத் துளைக்கும். பிள்ளைகள் அழும். அண்ணன் அசைய மாட்டார்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் முதல் தடவை வந்தபோது பெரிய ரகளையே ஆகிவிட்டது. "சமைச்சவரு மொதல்ல சாப்பிட்டுட்டு, வந்தவங்களக் காய வைக்கிறாரு. இது என்ன மரியாதைங்க?" என்று கோபித்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அண்ணன்தான் வேனுக்குப் போனார். "மாப்ள, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ஆக்கித்தான் வச்சிருக்கேன். எனக்காக இன்னும் கொஞ்ச நேரம்." அரை மணி ஆன பிறகு அவரே பரிமாறினார். கோபித்துக்கொண்டு போன மனுஷன் மூன்று தடவை குழம்பு வாங்கினார், அது வேறு கதை.

முதலாளியின் மகள் நர்சிங் படிக்கிறாள். போன வருஷம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். "மாமா, சாப்பாடு கெட்டிருக்கான்னு அரை மணி நேரத்துல ஒண்ணும் தெரியாது. சில சமயம் மறுநாள்தான் வாந்தி எடுக்கும்."

"தெரியும் பாப்பா. மறுநாள் வரைக்கும் பொறுக்கச் சொன்னா இவனுங்க என்னை ஆத்துல தள்ளிவுட்டுருவானுங்க."

எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் அண்ணன் என்னிடம் காரணத்தைச் சொன்னார்.

சின்ன வயதில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டியிருக்கிறார்கள். இதே மே மாத வெயில். காலையில் ஆக்கியதை மூடி வைத்து மாலை வரை சாப்பிட்டிருக்கிறார்கள். இவருடைய தம்பி அதில் போய்விட்டான்.

"நான் பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தேம்மா. கடைசியா சாப்பிடலாம்னு இருந்தேன். சாப்பிடவே இல்ல."

பிறகு குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்புச் சாம்பலில் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

இந்த வருஷம் வரும் ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தோம். கடை குரூப்பில் அவருடைய வாய்ஸ் மெசேஜ் இன்னும் இருக்கிறது. "யாரும் வூட்டுலயே தயிர்சாதம் கலந்து எடுத்தாந்துடாதீங்க, வெயில்ல புளிச்சிடும். சாதத்துல பால ஊத்தி, கொஞ்சமா தயிர் வுட்டு எடுத்தாங்க. மத்தியானம் சரியா இருக்கும்." பின்னால் லாரி ஹாரன் சத்தம். கேட்க முடியவில்லை... கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்த பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து சாம்பார் சாதம் ஆக்கிக் கொண்டுவந்தார்கள். அண்ணனின் மனைவி கலா அண்ணி சுகர் மாத்திரை போடுகிறவர். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு தடவை மயங்கியும் விழுந்துவிட்டார்.

மகள் கெஞ்சினாள். நான் கெஞ்சினேன். யார் யாரோ ஊட்டிப் பார்த்தார்கள். அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு இன்னும் சாப்பிடலயே... அவரு சாப்பிடாம நான் எப்படிடி சாப்பிடுவேன்?"



என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வேனில் போய் உட்கார்ந்த அதே மனுஷன். உள்ளே வந்து, ஒரு தட்டை எடுத்துத் தானே சாதம் போட்டுக்கொண்டு, அண்ணிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுக் கையைக் கழுவினார்.

"அக்கா... மச்சானுக்குப் பதிலா நான் சாப்பிட்டுட்டேன். அரை மணி நேரம் பொறுங்க."

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடை ஆட்கள் நாங்கள் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பசியோடு வந்த பிள்ளைகள்கூட அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போவோமா, எனக்குத் தெரியாது.

அண்ணே... அரை மணி ஆனதும் அண்ணி சாப்பிட்டாங்க. மாத்திரையும் போட்டுக்கிட்டாங்க.

நீங்க நிம்மதியா போங்கண்ணே.