ஸ்டெல்லாவின் குரலும் ஒரு மஞ்சள் கேள்விக்குறியும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பாதி நேரம் மெஷினைப் பார்க்க வேண்டும். மீதி நேரம், "நான் எதையுமே தொடலைங்க" என்று சொல்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் கேள்விக்குறியைப் பார்த்து ராத்திரித் தூக்கம் தொலைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் உறவுக்காரர்கள். இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸுக்கு அறிமுகம் செய்து வைக்கும் சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது இல்லாவிட்டால், கல்யாண வீட்டில் யாருக்கும் யாரென்று தெரியாத விருந்தாளி மாதிரி அந்தப் பாகம் மூலையில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி போட்டுவிடும்.

நானும் ஸ்டெல்லாவும் கடலூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். நான் தமிழ், அவள் பிசிக்ஸ். 2004இல் ஓய்வு பெற்ற கையோடு செம்மண்டலத்தில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்றைப் பிடித்தோம். அவள் மெஷினைப் பிரித்து மாட்டுவாள். நான் புகாரை நோட்டில் எழுதுவேன், சிடிகளுக்கு லேபிள் எழுதுவேன், அவள் பேசுவதைக் கேட்பேன். மூன்றாவதுதான் பெரிய வேலை. விண்டோஸ் ஏற்றும்போது முப்பத்தொன்பது நிமிஷம் ஆகும் என்று திரையில் வரும். முப்பத்தொன்பது நிமிஷமும் அவள் பேசுவாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு குரல் அது. நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

ஜோசியரின் தேதி

திருவந்திபுரத்தில் ஒரு ஜோசியர். கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துக் கொடுப்பவர். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வேகத்தைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு நாள் காலையிலும் மெஷின் இரண்டு வருஷம் பின்னால் போய் விழித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நாலு மாதமாக வந்தவர்களுக்கெல்லாம், முடிந்துபோன தசாபுத்தியை இனிமேல் வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஸ்டெல்லா பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாள். ஜோசியர் புதுத் தேதியை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேதி சரியா இருந்தப்ப வந்தவுங்கள்ளாம் திட்டிட்டுப் போனாங்க டீச்சர். இந்த நாலு மாசமா, சொன்னது அப்பிடியே நடந்திருக்குன்னு தட்டுல பழம் வச்சிட்டுப் போறாங்க. பழைய பேட்டரியவே போட்டுடுங்களேன்."

காத்தவராயனின் காது

தேவனாம்பட்டினத்தில் காத்தவராயன் என்ற மீனவர். மகள் உமா காலேஜில் சேர்ந்ததற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அது பத்து நிமிஷம் ஓடும், தானாக அணைந்துவிடும். ஸ்டெல்லா, டிரைவர்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று முடிவு கட்டினாள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றினோம். மறுநாளும் போய் ஏற்றினோம். அது பத்து நிமிஷத்தில் அணைந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் காத்தவராயன் கடலிலிருந்து வந்தார். வாசலில் நின்றபடியே, மெஷின் ஓடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள சுத்தற ஃபேன்ல பேரிங் போயிடுச்சு. அதான் சூடாயி நின்னுடுது," என்றார். திறந்து பார்த்தோம். உப்புக்காற்றில் துருவேறி, ஃபேன் நொண்டிக்கொண்டிருந்தது. புது ஃபேன் போட்டதும் மெஷின் சமர்த்தாக ஓடியது. ஸ்டெல்லா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு முழு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க அதும் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தீங்க டீச்சர். நான் அதும் மூச்சக் கேட்டேன்."

ஆயுத பூஜை

இது என் பாவம், ஒப்புக்கொள்கிறேன். ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் கடையில் ஆயுத பூஜை என் பொறுப்பு. ஸ்குரூ டிரைவர், கீபோர்டு, மானிட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கடைசியில் முறுக்கு டின் நிறைய அடுக்கியிருந்த டிரைவர் சிடிகள். மேல்பக்கத்தில் என் கையெழுத்தில் லேபிள் இருந்தது. அழகான கையெழுத்து, அதன்மேல் பொட்டு வைக்க மனசு வரவில்லை. அதனால் ஒவ்வொரு சிடியையும் திருப்பி, பளபளவென்று இருந்த பக்கத்தில் மூன்று மூன்று பொட்டு வைத்தேன்.

விஜயதசமி கழித்துக் கடை திறந்தபோது சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. எந்தச் சிடியும் ஓடவில்லை; மெஷின் படிப்பது அந்தப் பளபளப் பக்கத்தைத்தானாம். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகப் பிழைக்க வைத்தோம். ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. முதலில் கைக்கு வந்ததால் அதற்குத் தாராளமாக வைத்திருந்தேன். போகவில்லையே என்று தேங்காய் நாரும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்தும்விட்டேன். அது எங்கள் கடை மெஷினின் சவுண்டு டிரைவர் சிடி. ஏற்கெனவே ஏற்றியதுதானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். கீறல் விழுந்த சிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள்: "ஹார்டு டிஸ்க்கத் திறக்கத் தெரியாதவளா ஆண்டவர் உன்னப் படைச்சாரே, அதுக்கு ஒரு ஸ்தோத்திரம்."

ஒரு நிமிஷம்

அப்புறம் ஸ்டெல்லாவின் தொண்டை கட்டியது. இருமல் மருந்து, கஷாயம், மிளகுப் பால் எல்லாம் தாண்டி, புதுச்சேரி டாக்டர் ஒரு நாள், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஸ்டெல்லா கடை மெஷின் முன்னால் மைக் வைத்து உட்கார்ந்தாள். அவள் இல்லாதபோது எந்தக் கோளாறுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று பேசிப் பதிவு செய்தாள். என்னை டீ வாங்கிவர அனுப்பிவிடுவாள். அந்த விண்டோஸில் இருந்த ரெக்கார்டர் ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. ஒரு நிமிஷத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்காதவள் அவள். வெட்ட வெட்ட மறுபடி ஆரம்பித்து, அறுபத்து மூன்று துண்டுகள் சேர்த்துவைத்தாள். எண்ணிப்பார்த்தால், அவள் குரலில் உலகத்தில் மிச்சம் அறுபத்து மூன்று நிமிஷம். ஆபரேஷனுக்குப் பஸ் ஏறும்போது கரகரத்த தொண்டையோடு சொன்னாள்: "முப்பது வருஷமா நான் பேசினத சும்மா கேட்ட. இனிமே ரெண்டு தரம் கிளிக் பண்ணித்தான் கேக்கணும்."

மஞ்சள் நீராட்டு

நான் கிளிக் பண்ணவில்லை. கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சமயத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர், மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் படங்களை சிடியில் போட்டுத் தரச் சொல்லி ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். படம் என்று நினைத்து நான் திறந்தது வைரஸ். கடை மெஷின் கண்முன்னாலேயே மயங்கிச் சாய்ந்தது.

எதை அழிப்பதற்கு முன்னாலும் மூன்று முறை கேள், முதலில் பத்திரப்படுத்து என்பது ஸ்டெல்லாவின் சட்டம். மெஷினை ஒருவழியாக எழுப்பி, அறுபத்து மூன்று ஃபைலையும் டி டிரைவில் வைத்துவிட்டுத்தான் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினேன். முப்பத்தொன்பது நிமிஷம் தனியாக உட்கார்ந்திருந்தேன். முடிந்து திறந்ததும் அந்த இசைத் துணுக்கு வரவேண்டுமே, வரவில்லை. பாகங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் சவுண்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி. டிரைவர் சிடி, நான் நார் போட்டுத் தேய்த்த அதே சிடி.

உங்கள் பென் டிரைவிலிருந்துதான் வைரஸ் வந்தது என்று அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்தவுங்க அத்தன பேரயும் எனக்குத் தெரியும் டீச்சர். அப்பிடிப்பட்டவுங்க யாரும் வரல."

ஒரு பெண் போதும்

மெஷினைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து, சவுண்டு சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்து இன்டர்நெட்டில் தேடினேன். ஐந்து டிரைவர் கிடைத்தது. ஐந்துக்கும் மெஷின் செத்து நீலத் திரை வந்தது. சிதம்பரம் கீழ வீதி ஜெராக்ஸ் கடையில் இதே மதர்போர்டு உள்ள மெஷின் இருப்பதாக யாரோ சொல்ல, பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரர் சிடி உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அச்சு அசல் அதே உறை. திறந்தால் உள்ளே அவர் பையனின் காதுகுத்து வீடியோ.

வந்ததற்கு என் பிரின்டரையாவது பாருங்கள் என்றார். முந்தின நாளிலிருந்து அச்சே வரவில்லையாம். இங்கே குறை டிரைவரில்தான். எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. இன்னொன்று. இன்னொன்று. முந்தின நாள் ஒரு அம்மாள் தன் மகனுக்குப் பெண் பார்க்க பயோடேட்டா அச்செடுக்க வந்து, வரவில்லையே என்று அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனையும் வரிசையில் காத்திருந்தது. நாற்பத்தேழு மாப்பிள்ளைகள் நாற்பத்தேழு விதமாகத் தரையில் சறுக்கி விழுந்தார்கள். நான் பொறுக்க, அவர் பொறுக்க, தெருவில் போனவர் ஒருவரும் வந்து பொறுக்கினார். கடைசித் தாள் விழுந்ததும் கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவுங்களுக்கு ஒரே ஒரு பொண்ணுதான் டீச்சர் வேணும்."

சிலேட்டு

ஸ்டெல்லா கடைக்குத் திரும்பினாள். கழுத்தில் ஒரு கைக்குட்டை, கையில் சிலேட்டும் சாக்பீஸும். சவுண்டு டிரைவர் கிடைக்கவில்லை என்று அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன். 'அவசரமில்ல' என்று எழுதினாள். அடுத்த வாரமும் 'அவசரமில்ல'. என் வருத்தத்துக்காக எழுதுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் வெறியோடு தேடினேன்.

வாடிக்கையாளர்களுக்கோ புதுக் குழப்பம். செம்மண்டலத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மவுஸ் நகரவில்லை என்று வந்தார். ஸ்டெல்லா சிலேட்டில் 'எப்பத்திலேந்து?' என்று எழுதிக் காட்டினாள். அவர் மரியாதையாகச் சிலேட்டை வாங்கி, எச்சில் தொட்டு அழித்து, 'நேற்றிலிருந்து' என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம் இப்படியே விசாரணை நடந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா பொறுத்துப் பார்த்து, 'எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார்' என்று பெரிதாக எழுதினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து நிதானமாகப் படித்தார். சாக்பீஸை வாங்கினார். எழுதினார்: "சரி."

மீன் எங்கேயும் போகவில்லை

ஒரு காலை, ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கும் என்று கிழங்கான் மீன் எடுத்துக்கொண்டு காத்தவராயன் கடைக்கு வந்தார். நான் மேசைக்கடியில் டார்ச்சும் கையுமாக இருந்தேன். இன்னா தேடறீங்க என்றார். சிப், போர்டு, சிடி, நார், சிதம்பரம், காதுகுத்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. அவர் கேட்டுவிட்டு, "ஒங்க படகுல இன்ஜின் போயிடுச்சு, சரி. புடிச்ச மீனு எங்கயும் போவலயே. அத எடுத்து எம் படகுல போடுங்க. உமா கம்ப்யூட்டர்ல பாட்டு வருது," என்றார்.

நான் மேசையில் தலை இடித்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு மாதம். மெஷினைச் சரிசெய்யாமல் வேலை முடியாது என்று பழகிய புத்தி, வேறொரு மெஷினில் போட்டுக் கேட்கலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிசிக்ஸ் டீச்சருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அந்த 'அவசரமில்ல' எனக்காக இல்லை, போன குரலைக் கேட்கப் பயந்த அவளுக்காகவே என்று அப்போதுதான் புரிந்தது. "வேண்டாம்னா வேண்டாம்," என்றேன். அவளே காலண்டரை விட்டுத் திரும்பி, மேசை டிராயரைத் திறந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

அறுபத்து மூன்றையும் அதில் ஏற்றிக்கொண்டு போனோம். தேவனாம்பட்டினத்தில் உமா ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள். இரண்டு தரம் கிளிக் பண்ணினேன். "வசந்தா, மொதல்ல அழுவாத, கண்ணீரு கீபோர்டுல போனா வேல செய்யாது, நான் படிச்சுப் படிச்சு சொல்லிருக்கேன், அந்த நெய்வேலிக்காரரு கீபோர்டுல காபி கொட்டினாரே, அப்ப" என்று வந்து பட்டென்று அறுந்தது. அடுத்தது: "எங்க விட்டேன்? ஆங், காபி." காத்தவராயன் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிரின்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து என் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பதில் முடித்திருந்தாள். நாற்பத்தொன்றாவது ஃபைலில், "சவுண்டு வரலன்னா பதறாத, வேற மெஷின்ல போட்டுக் கேளு, அது கூடத் தோணாதுடி ஒனக்கு," என்றாள். சத்தமே வராமல் ஸ்டெல்லாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்றும் முடிந்து வெளியே அலைச்சத்தம் மட்டும் கேட்டபோது, சிலேட்டைத் துடைத்து எழுதி என் பக்கம் திருப்பினாள்: "இவ்ளோ பேசுவேனா நான்? பாவம்டி நீ."

எங்கள் கடை மெஷின் கடைசி வரை வாய் திறக்கவேயில்லை, ஸ்டெல்லாவும் அப்படியே, ஆகவே 2012இல் கடையை மூடும் வரை மூன்று பேர் பேச்சையும் நானே பேசி, செம்மண்டலத்தில் இன்றைக்கு வாயாடி டீச்சர் என்றால் அது நான்தான்.