ஒரு தோட்டம், இரண்டு கம்பெனி

போன ஞாயிறு உடப்புசல்லாவைக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகள் புஷ்பத்தின் கணவர் யோகராசாவுக்குக் கருமாதி.

உங்களுக்குத் தெரியும் – இந்தப் பத்தியில் நான் முதலாளித்துவத்துக்கு வக்காலத்து வாங்குகிறவன். ஹட்டனில் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்துப் பிழைக்கிறவன் வேறு என்ன பேசுவேன்? லாபம் தேடுவது பாவமில்லை. போட்டி இருந்தால்தான் சரக்கு நன்றாக இருக்கும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்த வாரம் குரல் எழும்பவில்லை.

மச்சான் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் இப்படி ஆனால் என்ன செய்வார்கள்? கொழுந்து லொறிக்கு ஓடுவார்கள். சாக்குகளை இறக்கிவிட்டு ஆளை ஏற்றுவார்கள். பிரசவமோ பாம்புக்கடியோ, எங்கள் சனத்துக்கு ஆம்புலன்ஸ் அதுதான். அன்றைக்கும் மச்சானை லொறியில் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள்.

டிரைவர் புதியவர். “கேக்காம எடுத்தா என் வேலை போயிருங்க” என்றாராம்.

ஃபேக்டரிக்குப் போன் போட்டார். மலையில் வேலை செய்பவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, தோட்ட ஆபீசைக் கேளுங்கள் என்றார்கள். தோட்ட ஆபீசைக் கேட்டால், லொறி எங்களுடையது இல்லையே என்றார்கள். சமீபத்தில்தான் தோட்டத்தை இரண்டு கம்பெனியாகப் பிரித்திருக்கிறார்கள். மலை ஒன்று, ஃபேக்டரியும் லொறியும் இன்னொன்று. முதலாளி என்னவோ ஒரே ஆள்தான்.

அரசாங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லையா என்பீர்கள். கூப்பிட்டார்கள். அது வேறொரு நோயாளியோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தது.

என்னால் தாங்க முடியாதது வேறொன்று. அந்த ரோட்டில் வேன் போனது, ஓட்டோ போனது. ஒருவரும் கை காட்டி நிறுத்தவில்லை. யாராவது ஒரு துரை சரி சொல்லிவிடுவார் என்று லொறியைச் சுற்றி நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். பரம்பரையாக உத்தரவுக்குக் காத்திருந்த சனம்... அன்றைக்கும் காத்திருந்தது. மச்சான் லொறியிலேயே போய்விட்டார்.

அவர் மகன் தினேஷ் கொழும்பில் அக்கவுண்டன்ட். மொட்டைத் தலையோடு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒரே தோட்டத்துக்கு எதற்கடா இரண்டு கம்பெனி என்று கேட்டேன்.

“வரிக்குத்தான் மாமா. மலைக் கம்பெனி கொழுந்த கொறஞ்ச வெலைக்கு ஃபேக்டரிக் கம்பெனிக்குக் குடுக்கும். அப்ப இது நட்டத்துல ஓடும், வரி இல்ல. லாபமெல்லாம் அங்க போயிரும், அங்க வரிச்சலுகை இருக்கும். பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தான்.

“இப்பிடிப் பிரிச்சுக் குடுக்கிறதுதான் மாமா எனக்கும் வேலை. வேற கம்பெனிங்களுக்கு. லொறிய எந்தப் பக்கம் போடலாம்னு நானும் பாத்திருக்கேன். அதுல ஆள் ஏறுவாங்கன்னு ஒருநாளும் நெனச்சதில்ல.”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. அழுதுவிட்டான்.

வரியைக் குறைக்க ஆசைப்படாத வியாபாரி யார்? ஆனால் இங்கே கட்டாமல் விட்ட வரிதானே வேறெங்கோ வராமல் போன ஆம்புலன்ஸ்? லாபத்தை வாங்கிக்கொள்ள ஒரு முதலாளி இருக்கும்போது, பொறுப்பை ஏற்க மட்டும் ஏன் ஆளே இல்லை?

புறப்படும்போது, கம்பெனிக்காரர்கள் யாராவது வந்து எட்டிப் பார்த்தார்களா என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

“வந்தாங்கண்ணே. ரெண்டு கம்பெனியில இருந்தும் மலர்வளையம் வந்துச்சு. ரெண்டு வாகனத்துல.”