மைதானத்துக்கு முதுகு காட்டியவன்

மணவாளன் செத்து இந்தத் தை வந்தால் மூன்று வருஷம். நல்லவன், வல்லவன், பரோபகாரி என்றெல்லாம் அவனைப் பற்றி எழுத ஆள் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தவரை, பதினான்கு வருஷம் சனிக்கிழமை தவறாமல் டிக்கெட் எடுத்து ஃபுட்பால் மேட்ச்சுக்குப் போய், மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் அவன். அவனை அப்படி உட்கார வைத்தவன் நான். விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு மனுஷன் தன் டீம் போட்ட ஒரு கோலைக்கூடப் பார்க்காமல் போகிறானே என்ற பாரம் என் நெஞ்சில்தான் கிடந்தது.

திருவள்ளூர் கோர்ட்டில் நான் நகல் எழுதும் குமாஸ்தா. பெயர் வீரராகவன், ஊர்ப் பெருமாளின் பெயர். இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு வீரராகவன் மேல்தான் விழும். மணவாளன் அமீனா. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று கோர்ட் அனுப்பும் சம்மன்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான். அவன் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கதவைச் சாத்திவிடுவார்கள். "ஆள் ஊரில் இல்லை" என்று உள்ளேயிருந்து அந்த ஆளே குரல் கொடுப்பான். "சரி, வந்தா நான் வந்து போனேன்னு சொல்லு நைனா" என்று அவனிடமே சொல்லிவிட்டுச் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வருவான் மணவாளன். பொய் சொல்கிறவனை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்லத் தெரியாதவன். இதை அப்போது நான் அசட்டுத்தனம் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் பாசஞ்சர் வண்டி பிடித்து சென்ட்ரலில் இறங்கி, ஸ்டேடியத்துக்கு நடந்து போவோம். எங்கள் டீம் மூலக்கொத்தளம் ரோவர்ஸ். லீகில் எட்டு டீம் ஆடினால் ரோவர்ஸுக்கு எட்டாவது இடம், பத்து டீம் ஆடினால் பத்தாவது இடம். இந்த விஷயத்தில் அவர்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. இப்படிப்பட்ட டீமை ஏன் பிடித்துக்கொண்டோம் என்று கேட்டால், நாங்கள் பார்த்த முதல் மேட்ச்சில் அவர்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். அதுதான் வினை.

அது 1961. ஆட்டம் முடியக் கால்மணி நேரம் இருந்தது, ரோவர்ஸ் ஒரு கோல் பின்னால். மணவாளன் வேர்க்கடலைக்காரனைக் கூப்பிடப் பின்னால் திரும்பினான். கோல். கடலையை வாங்கிக்கொண்டு திரும்பியவன் எதையும் பார்க்கவில்லை. கடைசி நிமிஷத்தில் செருப்பு வார் அறுந்துவிட்டதென்று குனிந்தான். இன்னொரு கோல். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "உன் பார்வை சனிப்பார்வைடா. நீ கண்ணை எடுத்தால்தான் கோல் விழுது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கேலரியின் உச்சிப் படியில் ஏறி, மைதானத்துக்கு முதுகு காட்டி, வெளியே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நான் ஒரு படி கீழே, ஆட்டத்தைப் பார்த்தபடி. இரண்டு கையையும் ஒரு கர்ச்சீப்பில் மூடி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டிருப்பான். பெருமாளை வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பெருமாளுக்கும் ரோவர்ஸைக் காப்பாற்றுவதைவிட வேறு வேலை இருந்திருக்கும்.

"நீ பாத்து சொல்லு, எனக்கு அது போதும்" என்றான். அன்று தொடங்கியது என் உத்தியோகம்.

முதல் இரண்டு வாரம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்கவே சகிக்கவில்லை. நடந்தபடி சொன்னால் ரோவர்ஸ் ஆட்டம் எருமை சேற்றில் இறங்கின கதைதான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு இதையா சொல்வது என்று கொஞ்சம் மெருகு போட ஆரம்பித்தேன். எத்தனை கோல் என்பதில் கை வைக்க முடியாது, மறுநாள் பேப்பரில் வந்துவிடும். எப்படி என்பது என் இஷ்டம். வெளியே போன பந்தெல்லாம் என் வாயில் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. வாரம் முழுக்க ஒரு எழுத்து மாறாமல் நகல் எடுத்துக் கோர்ட்டு முத்திரை வாங்குகிறவன், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அசலே இல்லாமல் நகல் எழுதினேன். அதில் எனக்கு ஒரு ருசியும் வந்துவிட்டது. சனிப்பார்வை கினிப்பார்வை எல்லாம் பொய், திரும்பி உட்காருடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சொல்வதை யார் கேட்பார்கள்? வீட்டில் கேட்கிற ஆள் இல்லை.

குப்புராஜ் வந்த பிறகு எனக்குச் சரக்கு பஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆள். பிற்பாடு அங்கே தொழிற்சாலைகள் வந்தபோது ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு ஆட வருவான். பாதி ஆட்டம் தூக்கத்திலேயே ஓடுவான் என்று நினைக்கிறேன். ஆனால் இடது காலில் ஒரு உதை இருந்தது. ரோவர்ஸ் டீமில் பார்க்கத் தகுந்ததென்று இருந்தது அந்த ஒரு கால்தான்.

1968இல் ஒரு மேட்ச். எதிர் டீமின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் முழங்காலில் பட்ட பந்தைத் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டான். குப்புராஜ் அப்போது நடுமைதானத்தில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். மணவாளனிடம் நான் சொன்னது வேறு. குப்புராஜ் மூன்று பேரைத் தாண்டினான், முப்பது கஜத்திலிருந்து இடது காலால் ஒரு உதை, கோல்கீப்பர் பந்தைப் பார்க்கவே இல்லை, சத்தம்தான் கேட்டான். சொல்லி முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்தக் கோலை மணவாளன் கோர்ட்டு எதிரே டீக்கடையில் ஆறு வருஷம் ஓட்டினான். நான் சொன்ன மூன்று பேர், முப்பது கஜம், சத்தம், எல்லாம் அப்படியே வரும். ஒன்று மட்டும் மாறும். "வலது காலால ஒரு ஒதை உட்டான் பாரு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடது காலடா, அவன் இடது கால் ஆட்டக்காரன், ஊருக்கே தெரியும், பார்க்காதவன் பேசக்கூடாது என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொள்வேன். "எனக்கு இன்னாவோ வலது காலுன்னு தான் தோணுது" என்பான். மேலே பேசமாட்டான், சிரிப்பான். வலது கை எது, இடது கை எது என்று தெரியாதவனை எப்படி அமீனாவாக வைத்திருக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

1974 கார்த்திகையில் அவனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மார்கழியில் திருவாலங்காட்டில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கட்டிலில் பாதி ஆள்தான் கிடந்தான். கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு. ரயிலில் வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். 1961இல் சொன்னது வேடிக்கைக்கு, அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் என் கைச்சரக்கு, உன்னை முதுகு காட்டி உட்கார வைத்த பாவி நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். அவன் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் போன சனிக்கிழமை மேட்ச் என்ன ஆயிற்று என்று கேட்டான். கார்த்திகை மழையில் ஆட்டமெல்லாம் தள்ளிப்போயிருந்ததால், அவன் வராத முதல் மேட்ச் அதுதான். நாலு கோல் வாங்கி, திருப்பி ஒன்று போட்டோம். அந்த ஒன்றைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மூன்று பேர் ஐந்து பேர் ஆனார்கள், முப்பது கஜம் நாற்பது ஆயிற்று. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தக் காலு?"

"இடது கால்."

"வலது காலு தான்டா" என்றான்.

சாகப்போகிறவனிடம் சண்டைக்கு நிற்பார்களா? நான் நின்றேன். இடதுதான் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடுத்த வண்டிக்குக் கிளம்பிவிட்டேன். தை பிறந்து நாலாம் நாள் அவன் போய்விட்டான்.

கருமாதி அன்று படையலில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். வேர்க்கடலையும் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் துணிச்சலில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் மனைவி கங்கம்மாள் என்னைக் கூப்பிட்டு, பழைய கர்ச்சீப்பில் சுற்றிய எதையோ கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னால் தகரம்.

"இத நீங்களே வச்சிக்கோங்கண்ணா" என்றாள். "சனிக்கிழமையானா இந்த ஊட்ல மூஞ்சி பாக்க கண்ணாடி இருக்காது. கர்ச்சீப்புல சுத்தி எடுத்துக்கினு பூடுவாரு."

எதற்கு என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பக்கத்துல உக்காந்தவரு, உங்களுக்குத் தெரியாதா? கிரகணத்த நேரா பாத்தா தான் தோசம், தாம்பாளத்துல மஞ்ச தண்ணி ஊத்தி அதுல பாத்தா ஒண்ணும் ஆவாதுன்னுவாரு. அந்த மாதிரி ஆட்டத்த இதுல பாப்பாரு."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். ரோவர்ஸுக்கு முதுகு காட்டிய இரண்டாவது வாரத்திலிருந்தே என்றாள். அப்படியானால் அந்த முழங்கால் கோலை அவன் பார்த்தான். குப்புராஜ் லேஸ் கட்டியதையும் பார்த்தான். பார்த்துவிட்டு, என் பொய்யை ஆறு வருஷம் டீக்கடையில் ஓட்டினான். நடக்காத கோலில்கூட, கண்ணாடியில் தான் வாராவாரம் பார்த்த காலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்தும் ஏன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று கங்கம்மாளிடம் கேட்டேன்.

"ஆட்டம் ஒண்ணும் பிரமாதமா இருக்காது, ராகவன் சொல்றது தான் நல்லா இருக்கும், அத கேக்க தான் போறேன்னுவாரு. நீங்க சொன்னத எல்லாம் ஊட்டுக்கு வந்து சொல்லி சிரிச்சிக்கினு இருப்பாரு" என்றவள், என் முகம் போன போக்கைப் பார்த்து, "கேலியா இல்லண்ணா, சந்தோசமா" என்றாள்.

பதினான்கு வருஷம் நான் அவனுக்குப் படியளந்துகொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு. கதவுக்குள்ளிருந்து ஆள் இல்லை என்று குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எனக்கும் அவன் சரி நைனா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். உச்சிப் படியில் ஏறி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, கர்ச்சீப்புக்குள் கண்ணாடியை வைத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். கொஞ்சம் சாய்த்ததும் மைதானம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. சின்னதாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ரோவர்ஸ் மூன்று கோல் வாங்கியது. அன்று அவர்களை நேராகப் பார்க்க எங்கள் இரண்டு பேரில் யாருமே இல்லை, அப்படியும் வாங்கியது.

முடியப் போகிற நேரத்தில் குப்புராஜுக்கு ஒரு பந்து கிடைத்தது. ஓடி வந்தான், உதைத்தான். கண்ணாடிக்குள் தூக்கிய கால் வலது கால். சந்தேகமே இல்லை, வலது கால். பந்து கம்பத்துக்கு ஒரு கஜம் வெளியே போயிற்று.

ஒரு படி கீழே உட்கார்ந்திருந்த ஆள், "பீச்சாங்காலால ஒதைச்சா இப்டி தான்" என்று அலுத்துக்கொண்டான்.

"வலது காலுப்பா. கம்பத்துல பட்டுத் திரும்பிச்சு" என்றேன்.

அவன் திரும்பி என் முதுகைப் பார்த்தான். "பாக்காமலே பேசாத சார்" என்றான்.

மணவாளனைப் போலவே நானும் மேலே பேசவில்லை. ஆனால் அவனைப் போலச் சிரிக்க எனக்கு வரவில்லை. கண்ணாடியைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த உச்சிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.